ஏ2 3.4ஆ, 3.7ஆ? எந்த ரிப்போர்ட்டை நம்புவது?

கேள்வி: எனக்கு வயது 26. முதல் கர்ப்பம், ஒன்பதாவது வாரம் நடக்கிறது. கல்லூரியில் படிக்கும்போதே எனக்கு இரத்தம் குறைவு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். விட்டு விட்டுத்தான் சாப்பிட்டேன். இப்போது ஹீமோகுளோபின் 9.6, எம்.சி.வி. 64, சிவப்பணு 53 லட்சம், ஃபெரிட்டின் 9. எங்கள் டாக்டரம்மா ஹெச்பிஎல்சி என்ற பரிசோதனையும் எடுக்கச் சொன்னார். முதல் லேபில் ஏ2 3.4 என்று போட்டு ‘நார்மல்’ என்றார்கள். மனசு ஆறாமல் வேறொரு லேபில் எடுத்தோம். அங்கே 3.7, ‘பார்டர்லைன், கணவருக்கும் பரிசோதிக்கவும்’ என்று எழுதியிருக்கிறது. இதில் எது சரி? முதல் ரிப்போர்ட்டில் ‘ஏ0 84.6’ என்றும் ஒரு வரி இருக்கிறது. 95க்கு மேல் இருக்க வேண்டும் என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. என் கணவர் என் அத்தை மகன்தான். ‘எனக்கு ஹீமோகுளோபின் 15 இருக்கிறது, எனக்கு எதற்கு டெஸ்ட்?’ என்கிறார். தலசீமியா இருந்தால் இரும்பு மாத்திரை சாப்பிடக் கூடாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். நிறுத்திவிடவா? குழந்தைக்கு எதுவும் ஆகாதே?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, விளக்கம் பிறகு இருக்கட்டும். செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவருக்கு இந்த வாரமே இரத்த அணுக்கள் பரிசோதனை, ஹெச்பிஎல்சி இரண்டையும் எடுத்துவிடுங்கள். 3.4 சரியா, 3.7 சரியா என்பது தீரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும் என்பதால் இந்தப் பதிலைத் தபாலிலும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இரும்பு மாத்திரையை நிறுத்த வேண்டாம். அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இனி அந்த எண்களுக்கு வருவோம். நம் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் எல்லாம் ஒரே வகையல்ல. ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு புரதச் சங்கிலிகள் இருக்கின்றன. பிறந்த பிறகு உருவாகும் வகைகள் எல்லாவற்றிலும் இரண்டு சங்கிலி ஆல்ஃபாதான். மற்ற இரண்டும் எது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். பீட்டா சேர்ந்தால் அது ஹீமோகுளோபின் ஏ. வளர்ந்தவர்களின் இரத்தத்தில் மிகப் பெரும்பங்கு இதுதான். டெல்டா சேர்ந்தால் ஏ2. நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குதான் இருக்கும். காமா சேர்ந்தால் எஃப். கருவில் இருக்கும் குழந்தை இதை வைத்துத்தான் தாயிடமிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொள்கிறது. வளர்ந்த பிறகு எஃப் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

பீட்டா சங்கிலிக்கான மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று நம் எல்லோரிடமும் இரண்டு உண்டு. அதில் ஒன்றில் மட்டும் பழுது இருந்தால் அவரை பீட்டா தலசீமியா கேரியர் என்கிறோம். ‘தலசீமியா மைனர்’, ‘ட்ரெய்ட்’ என்று ரிப்போர்ட்டுகளில் எழுதுவதும் இதையே. அவருக்கு பீட்டா உற்பத்தி குறைகிறது. துணையில்லாமல் நிற்கும் ஆல்ஃபாவோடு சேர டெல்டாவுக்கு வாய்ப்பு கூடுகிறது. ஏ2 நான்கு, ஐந்து, ஆறு சதவீதம் என்று ஏறுகிறது. கேரியரைக் கண்டுபிடிக்க உலகம் முழுவதும் இந்த ஏற்றத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஏ2 என்ற ஒன்று இருப்பதையே 1955இல்தான் ஹென்றி குங்கலும் வாலேனியஸும் கண்டறிந்தார்கள். தலசீமியா உள்ளவர்களிடம் அது கூடியிருப்பதும் அடுத்த சில ஆண்டுகளிலேயே தெளிவானது. அதற்கும் முன்பு, 1949இல், லைனஸ் பாலிங்கின் குழுவினர் மின்புலத்தில் ஹீமோகுளோபினை ஓடவிட்டு, அரிவாள் செல் சோகை உள்ளவர்களின் ஹீமோகுளோபின் மற்றவர்களுடையதைவிட வேறு வேகத்தில் நகர்வதைக் காட்டினார்கள். ஒரு நோயின் வேர் ஒரே ஒரு மூலக்கூறில் இருக்கிறது என்று மருத்துவ உலகம் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது அப்போதுதான். உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட் அந்த வழியில் வந்தது.

ஊதா மூடி போட்ட டியூபில் எடுத்த உங்கள் இரத்தத்திலிருந்து கருவி ஒரு துளியை எடுத்துக்கொள்கிறது. சிவப்பணுக்களை உடைத்து உள்ளிருக்கும் ஹீமோகுளோபினை வெளியே விடுகிறது. பிறகு, எதிர்மின்னேற்றம் கொண்ட பிசின் துகள்கள் அடைத்த ஒரு சிறு குழாய்க்குள் அதை அழுத்தத்தோடு செலுத்துகிறது. ஹீமோகுளோபின் வகைகள் அந்தத் துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு வகையின் மின்னேற்றமும் வேறு என்பதால் பிடியின் இறுக்கமும் வேறு. உள்ளே பாயும் கரைசலின் உப்புத்தன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும்போது, பிடி தளர்ந்தது முதலில் வெளியேறும், இறுகப் பிடித்தது கடைசியில் வரும். எஃப் ஒரு நிமிடத்தை ஒட்டி வந்துவிடும். ஏ அதற்குப் பிறகு. ஏ2 மூன்றரை நிமிடம் வாக்கில். அரிவாள் செல்லுக்குரிய எஸ் நான்கரை நிமிடத்தில். வெளியேறும் ஒவ்வொன்றையும் 415 நானோமீட்டர் ஒளியில் அளந்து கருவி ஒரு வரைபடம் போடுகிறது. மலைமுகடுபோல எழும் ஒவ்வொரு கோட்டின் கீழுள்ள பரப்புதான் உங்கள் ரிப்போர்ட்டில் சதவீதமாக வருகிறது. பல லேப்களில் இருக்கும் கருவி ஒருவருடைய இரத்தத்தை ஆறேழு நிமிடத்தில் முடித்துவிடும்.

உங்களைப் பயமுறுத்திய ‘ஏ0 84.6’ இந்த வரைபடத்திலிருந்து வந்ததுதான். அந்த ரிப்போர்ட்டில் ‘பி2’, ‘பி3’ என்று இன்னும் இரண்டு வரிகள் இருக்கும், பாருங்கள். சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின் ஏ, பழையதாகி உருமாறிய ஹீமோகுளோபின் ஏ ஆகியவை சற்று முன்னதாகவே வெளியேறித் தனித்தனி முகடாக நிற்கின்றன. அவையும் ஹீமோகுளோபின் ஏதான். எல்லாவற்றையும் கூட்டினால் 95ஐ ஒட்டி வந்துவிடும். இந்த வகைக் கருவியில் ஏ0 மட்டும் 85ஐ ஒட்டி இருப்பது முழு ஆரோக்கியமானவர்களிடமும் காண்பதே. இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத் தூக்கம் தொலைக்கும் பெற்றோரை நான் நிறையப் பார்க்கிறேன். லேப்கள் இதற்கு ஒரு குறிப்பு எழுதிக்கொடுத்தால் எத்தனையோ பேருக்கு நிம்மதியாக இருக்கும்.

சரி, 3.4ஆ, 3.7ஆ? இரண்டு லேபும் ஒழுங்காகவே அளந்திருக்கலாம். ஒரு லேப் ஹெச்பிஎல்சியிலும் இன்னொன்று கேப்பிலரி எலக்ட்ரோஃபோரசிஸ் என்ற முறையிலும் அளந்திருந்தால், அல்லது ஒரே முறையிலேயே வேறு கம்பெனிக் கருவி என்றால், ஏ2வில் 0.2, 0.3 வித்தியாசம் வருவது புதிதல்ல. ஏ2 5.2 உள்ளவருக்கு இந்த வித்தியாசத்தால் ஒன்றும் மாறாது. எங்கே எடுத்தாலும் அவர் கேரியர்தான். உங்கள் எண் எல்லைக்கோட்டின் மேலேயே நிற்பதால்தான் ஒரு லேப் ‘நார்மல்’ என்றும் இன்னொன்று ‘பார்டர்லைன்’ என்றும் எழுதுகின்றன. நம் நாட்டில் ஏ2 4ஐத் தொட்டுவிட்டால் பெரும்பாலும் சந்தேகமில்லாமல் கேரியர் என்கிறோம். 3.4, 3.5இலிருந்து 3.9 வரை இருப்பது ஆராய வேண்டிய பகுதி. அங்கே ஏ2வை மட்டும் வைத்து யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

உங்கள் விஷயத்தில் ஆராய வேண்டிய முதல் காரணம் இரும்பு. ஃபெரிட்டின் 9 என்றால் உடலில் இரும்புச் சேமிப்பு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது என்று பொருள். இரும்பு இல்லாதபோது ஆல்ஃபா சங்கிலி உற்பத்தி குறைகிறது. இருக்கும் கொஞ்ச ஆல்ஃபாவுக்காக பீட்டாவும் டெல்டாவும் போட்டிபோட்டால் ஜெயிப்பது பீட்டா. அதனால் ஏ2 இறங்குகிறது. நிஜத்தில் 4ஐத் தாண்டியிருக்க வேண்டிய ஒருவரின் ஏ2 இரும்புக் குறைவால் 3.5ஆகத் தெரியலாம். ‘நார்மல்’ என்று வந்த முதல் ரிப்போர்ட்டை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். இதற்கு எதிர்த்திசையிலும் நடக்கும். வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலக் குறைவிலும், தைராய்டு அதிகமாகச் சுரக்கும்போதும், எச்.ஐ.வி.க்கான ஜிடோவுடின் போன்ற மருந்துகளை எடுப்பவர்களிடமும் ஏ2 கொஞ்சம் கூடித் தெரியலாம். கடந்த மூன்று மாதத்தில் இரத்தம் ஏற்றியிருந்தால் அந்த ரிப்போர்ட்டில் கொடையாளரின் ஹீமோகுளோபினும் கலந்திருக்கும். உங்களுக்கு ஏற்றியதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஏற்றியிருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இரண்டாவது, உங்கள் சிவப்பணு எண்ணிக்கை. உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் நின்றது அதில்தான். வெறும் இரும்புக் குறைவினால் ஹீமோகுளோபின் 9.6க்கு இறங்கிய பெண்ணுக்குச் சிவப்பணு எண்ணிக்கையும் கூடவே இறங்கியிருக்கும். உங்களுக்கு 53 லட்சம் இருக்கிறது; அணுவின் அளவைக் காட்டும் எம்.சி.வி.யோ வெறும் 64. அணு சிறியது, எண்ணிக்கை அதிகம் என்பது தலசீமியா கேரியரின் வழக்கமான தோற்றம். எம்.சி.வி.யை மில்லியன் கணக்கிலுள்ள சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு. 1973இல் மென்ட்சர் என்ற மருத்துவர் சொன்னது. 64ஐ 5.3ஆல் வகுத்தால் 12 வருகிறது. 13க்குக் கீழே என்றால் தலசீமியாவை நினைக்க வேண்டும் என்பது விதி. இது எல்லோரிடமும் பலிக்கும் விதியல்ல, அதுவும் இரும்புக் குறைவு கலந்திருக்கும்போது தடுமாறும். ஆனாலும் ஃபெரிட்டின் 9, சிவப்பணு 53 லட்சம், ஏ2 எல்லைக்கோட்டில் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, உங்களுக்கு இரும்புக் குறைவு நிச்சயம், அதனடியில் தலசீமியா கேரியர் தன்மையும் இருக்கக்கூடும் என்றே நான் நினைக்கிறேன். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்து இருப்பது நம் ஊரில் சகஜம்.

கர்ப்பமாக இல்லாத பெண்ணாக இருந்தால், ‘மூன்று மாதம் ஒழுங்காக இரும்பு சாப்பிட்டுவிட்டு வாருங்கள், திரும்ப அளந்து பார்க்கலாம்’ என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு அந்த மூன்று மாதம் இல்லை. அதனால்தான் கணவரிடம் போகிறேன்.

கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். பீட்டா தலசீமியா கேரியரான ஆண்களில் ஹீமோகுளோபின் 13, 14 என்று நன்றாக இருப்பவர்கள் ஏராளம். 15 இருக்கிறது என்றால் சந்தேகம் குறைகிறது, தீர்ந்துவிடவில்லை. அவருடைய எம்.சி.வி. 80க்கும், ஓர் அணுவில் உள்ள ஹீமோகுளோபின் அளவான எம்.சி.எச். 27க்கும் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தாலும் ஹெச்பிஎல்சியை விடக் கூடாது. அரிவாள் செல் கேரியருக்கு அணுவின் அளவும் ஹீமோகுளோபினும் முழுக்க இயல்பாகவே இருக்கும். ஹெச்பிஎல்சியில் எஸ் முகடு எழும்போதுதான் வெளியே தெரியும். ஒருவரிடம் எஸ், மற்றவரிடம் பீட்டா தலசீமியா இருந்து, இரண்டும் ஒரே குழந்தைக்கு வந்தால் அதுவும் கடுமையான நோய். இது தூரத்து நாட்டு விஷயமும் இல்லை. 1952லேயே லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் தன்மை இருப்பதை எழுதிவிட்டார்கள். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதை இலக்காக வைத்தது. அங்கே முதலில் செய்யும் கரைதிறன் சோதனை எஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். கேரியரா, நோயாளியா என்று பிரித்துச் சொல்ல ஹெச்பிஎல்சி போன்ற அளவீடு வேண்டும். மலைப்பகுதி வாசகர்கள் யாரேனும் ‘பாசிட்டிவ்’ என்ற ஒரு சொல்லோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தால், அடுத்த பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் கணவர் அத்தை மகன் என்பது இங்கே முக்கியம். குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை; கணக்கு அப்படி இருக்கிறது. நம் நாட்டில் பொதுவாக நூற்றுக்கு மூன்று, நான்கு பேர் பீட்டா தலசீமியா கேரியர்கள். நீங்கள் கேரியராக இருந்தால், உங்கள் தாத்தா பாட்டி வழியாக அதே மரபணு அவருக்கும் வந்திருக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. உறவில் இல்லாத ஒருவரைவிட இது மூன்று நான்கு மடங்கு அதிகம். உங்கள் அப்பாவும் அத்தையும் ஒருமுறை இரத்த அணுக்கள் பரிசோதனை எடுத்துக்கொண்டால், இது அந்த வழியில் வருகிறதா என்று ஒரு வெளிச்சம் கிடைக்கும். அதற்காகக் கணவரின் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

அவருடைய ரிப்போர்ட் முழுக்கச் சரியாக வந்தால், நீங்கள் கேரியராகவே இருந்தாலும் குழந்தைக்கு தலசீமியா மேஜர் என்ற கடுமையான நோய் வரும் கவலை நீங்கிவிடும். உங்களைப் போலக் கேரியராகப் பிறக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். கேரியர் என்பது நோயில்லை. படிக்கலாம், உழைக்கலாம், பிள்ளை பெறலாம். யாராவது இதை வைத்து உங்களைக் குறை சொன்னால், கடுமையான தலசீமியா வர இருவரின் பங்கும் வேண்டும் என்பதை அவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

அவரும் கேரியர் என்று வந்தால் வேகம் கூட்ட வேண்டும். அப்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு குழந்தைக்கு தலசீமியா மேஜர் வர இருக்கும். அந்தக் குழந்தைகள் பிறக்கும்போது நன்றாகவே இருப்பார்கள். எஃப் குறைந்து ஏ வர வேண்டிய ஆறு மாதத்துக்குப் பிறகுதான் சோகை தெரியத் தொடங்கும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும், அதனால் சேரும் இரும்பை வெளியேற்றத் தினமும் மருந்து வேண்டும். பொருத்தமான கொடையாளர் கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்றம் குணம் தரும், வேலூர் சி.எம்.சி.யில் 1980களிலிருந்தே செய்கிறார்கள். இத்தனை சுமையையும் ஒரு குடும்பம் தாங்க முடியுமா என்று யோசிக்க உங்களுக்கு நேரம் வேண்டும். அதனால்தான் வாரக் கணக்கை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

இருவரும் கேரியர் என்ற ஐயம் வந்த அன்றே இருவரின் டி.என்.ஏ. பரிசோதனைக்கும் இரத்தம் கொடுத்துவிட வேண்டும். உங்கள் ஏ2 எல்லைக்கோட்டில் இருப்பதன் மர்மமும் அதில் தீரும். இந்தியர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் பழுது ஐ.வி.எஸ். 1-5 என்பது, அதோடு இன்னும் நான்கைந்தைத் தேடினாலே பெரும்பாலானவர்களிடம் விடை கிடைத்துவிடும். ஏ2வை அதிகம் ஏற்றாமல் ஒளிந்திருக்கும் கேப் சைட் +1 போன்ற மென்மையான பழுதுகளும் நம் நாட்டில் உண்டு. அதனால் வழக்கமான பட்டியலில் இல்லையென்றால் மரபணுவை முழுமையாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெற்றோரின் பழுது எது என்று தெரிந்தால்தான் கருவில் அதைத் தேட முடியும். பதினொன்றாவது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவைச் சிறிது எடுத்தும், பதினாறாவது வாரம் வாக்கில் பனிக்குட நீரை எடுத்தும் பார்க்கலாம். கருவைப் பரிசோதிப்பதே சட்டவிரோதம் என்று பலர் பயப்படுகிறார்கள். தடை செய்யப்பட்டிருப்பது பாலினம் அறிவது. ஹீமோகுளோபின் கோளாறுகளைக் கண்டறிய, பதிவு பெற்ற மையத்தில் செய்துகொள்ள 1994ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது. அதன் முடிவு எதுவானாலும் மேற்கொண்டு என்ன செய்வது என்பதை நீங்கள் இருவரும் மரபணு ஆலோசகரோடு பேசி எடுக்க வேண்டும். வேறு யாருடைய வற்புறுத்தலுக்கும் இணங்க வேண்டியதில்லை.

இரும்பு மாத்திரை விஷயத்தில் பக்கத்து வீட்டு அக்கா சொன்னது, அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா மேஜர் நோயாளிகளுக்குப் பொருந்தும். கேரியருக்கும் ஃபெரிட்டின் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு கொடுப்பது தவறு. உங்களுக்கு ஃபெரிட்டின் 9. இரும்பு உங்களுக்கும் வேண்டும், குழந்தைக்கும் வேண்டும். இந்த முறை விட்டு விட்டுச் சாப்பிடாதீர்கள். காபி, டீயோடு சேர்க்காதீர்கள். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரம்மாவிடம் சொல்லி வேறு மாத்திரைக்கோ ஊசிக்கோ மாறலாம். ஃபோலிக் அமிலத்தை எந்த அளவில் எடுக்க வேண்டும் என்பதையும் இந்த ரிப்போர்ட்டுகளைக் காட்டிக் கேளுங்கள்; கேரியராக இருந்தால் கூடுதல் அளவு தருவது உண்டு. இரும்பு நிறைந்த பிறகும் உங்கள் எம்.சி.வி. 60களிலேயே நின்று, ஏ2வும் டி.என்.ஏ.வில் பீட்டா மரபணுவும் சரியாக இருந்தால், ஆல்ஃபா தலசீமியா கேரியராக இருக்கலாம். வளர்ந்தவரிடம் அதை ஹெச்பிஎல்சி காட்டாது. நம் நாட்டில் பெரும்பாலும் காண்பது அதன் இலேசான வகை என்பதால் இப்போது அதை நினைத்துக் கலங்க வேண்டாம்.

குழந்தை பிறந்ததும் அதற்கும் ஹெச்பிஎல்சி எடுத்துப் பார்க்க ஆசையாக இருக்கும். கேரியரா என்று அறிய அப்போது எடுப்பதில் பயனில்லை. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் பாதிக்கு மேல் எஃப்தான் இருக்கும், ஏ2 மிகக் குறைவாக இருக்கும். ஒரு வயது தாண்டி, இரும்புச்சத்தும் சரியாக இருக்கும்போது எடுங்கள். இருவரும் கேரியர் என்று வந்திருந்தால் மட்டும் இது பொருந்தாது. அப்போது பிறந்த உடனேயே டி.என்.ஏ. பரிசோதனை செய்துவிட வேண்டும். உங்களுக்குக் கூடப் பிறந்தவர்கள் இருந்தால், அவர்கள் திருமணத்துக்கு முன்பே இந்த ஒரு டியூப் இரத்தத்தைக் கொடுத்துவிடட்டும். அவர்களுக்கு வாரங்களை எண்ணும் நெருக்கடி இருக்காது.